பனி கொட்டுகிறதே, பூமி எங்கே சூடாகிறது?

கேள்வி: தலைகுந்தாவில் உறைபனி, புல்வெளி வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அதைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "புவி வெப்பமாதலாம், எல்லாம் புருடா" என்கிறார் என் மாமனார். என்ன பதில் சொல்வது?
- ஊட்டி வாசகி

பதில்: மாமனார் தனி ஆள் இல்லை. அமெரிக்க செனட்டின் சுற்றுச்சூழல் குழுவுக்கே (ஆமாம், அதற்கேதான்) தலைவராக இருந்த ஜேம்ஸ் இன்ஹோஃப், 2015 பிப்ரவரியில் வாஷிங்டனில் விழுந்த பனியை உருட்டி பிளாஸ்டிக் பையில் போட்டு சபைக்குள் கொண்டுவந்தார். வெளியே என்ன குளிர் பாருங்கள் என்று காட்டிவிட்டு உருண்டையைத் தூக்கி வீசினார். அந்த 2015தான் அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பமான ஆண்டாக முடிந்தது! அப்புறம் 2016, 2023, 2024 என்று அதையும் தாண்டிப் போய்விட்டது. தலைகுந்தாவின் ஒரு விடியற்காலை என்பது வானிலை. காலநிலை என்பது முப்பது ஆண்டுக் கணக்கு. மேகமில்லாத வானமும் அசையாத காற்றும் இருந்தால் மலையில் உறைபனி இன்னும் வரத்தான் செய்யும். மாமனாரோடு சண்டை வேண்டாம், "படம் பிரமாதம் மாமா" என்று சொல்லிவிட்டு இன்ஹோஃப் கதையை நைசாக அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எரிமலை ஒருமுறை வெடித்தால் வருகிற புகைக்கு முன்னால் நம் பைக் புகை எம்மாத்திரம்? சூரியனே சூடாகியிருக்கலாமே?
- திருச்சி வாசகர்

பதில்: உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆண்டில் விடும் கரியமில வாயு, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. காற்றில் கூடும் கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்பதையும் காற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. அந்த வாயுவில் இருக்கும் கார்பனில் 12, 13 என்று இரண்டு எடைகள் உண்டு. செடிகொடிகள் எடை குறைந்த 12-ஐத்தான் அதிகம் இழுத்துக்கொள்ளும். அந்தச் செடியும் பாசியும் மண்ணுக்குள் புதைந்து ஆனவைதான் நிலக்கரியும் பெட்ரோலும், ஆகவே அவற்றை எரிக்கும்போது வரும் புகையில் 13 குறைவாக இருக்கும். எரிமலை விடும் வாயுவில் அந்த அளவுக்குக் குறைவு இருக்காது. காற்றில் 13-ன் பங்கு இத்தனை ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது, அதாவது கூடும் வாயு நாம் எரித்ததிலிருந்து வந்தது. சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலத்தின் மேலடுக்கும் சூடாகவேண்டும். ஆனால் கீழே சூடு ஏற ஏற, மேலே ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் பைக் தனியாக ஒன்றுமில்லைதான், அனல்மின் நிலையங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வருவதால்தானே இதெல்லாம்?
- கடலூர் வாசகி

பதில்: இல்லை. அது வேறு பிரச்சினை, ஓசோனை அரிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல ஆறிவருகிறது.

கேள்வி: விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை என்று படித்தேன். பிறகு ஏன் பயமுறுத்துகிறீர்கள்?
- மதுரை வாசகர்

பதில்: எங்கே படித்தீர்கள் என்பதைவிட, அப்படி ஓர் எண்ணத்தை யார் பரப்பினார்கள் என்பதுதான் பெரிய கதை. எண்ணெய் எரிப்பதால் பூமி சூடாகும் என்று அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸானின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977-லேயே மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டார். அவர்களும் அப்போது காதைப் பொத்திக்கொள்ளவில்லை, தங்கள் எண்ணெய்க் கப்பல் ஒன்றிலேயே கருவி பொருத்தி கடலிலும் காற்றிலும் கரியமில வாயுவை அளந்தார்கள். எக்ஸான் விஞ்ஞானிகள் அந்தக் காலத்தில் போட்ட கணிப்புகளை, பின்னால் பதிவான வெப்பநிலையோடு ஒப்பிட்டு 2023-ல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலானவை சரியாகப் பொருந்தின. அப்படித் தெரிந்தும், 1989-ல் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் கூடி நடத்திய குளோபல் கிளைமேட் கோயலிஷனில் எக்ஸானும் சேர்ந்து, அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1998-ல் எண்ணெய் நிறுவனங்களின் சங்கமான அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தில் கூடித் தயாரித்த திட்டக் குறிப்பு இன்னும் வெளிப்படை: காலநிலை அறிவியலில் நிச்சயமின்மை இருப்பதைச் சாதாரண மக்கள் "புரிந்துகொண்டால்" அதுவே வெற்றி என்று எழுதி வைத்தார்கள். சார், அந்தச் சாதாரண மக்கள் நீங்களும் நானும்தான்.

கேள்வி: 2015 சென்னை வெள்ளம் காலநிலை மாற்றத்தால் வந்ததுதானே?
- தாம்பரம் வாசகர்

பதில்: இங்கேதான் நம் பக்கத்து ஆட்களும் சறுக்குகிறார்கள். அந்த டிசம்பர் 1-ம் தேதி மழையை ஆராய்ந்த சர்வதேசக் குழு, அதில் புவி வெப்பமாதலின் தடயம் தெரியவில்லை என்றுதான் எழுதியது. காற்றில் மிதக்கும் தூசும் புகையும் அதன் விளைவை மறைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், ஆகவே அந்தக் குழுவின் முடிவை வருங்கால மழைக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஏரிக்குள் மனை போட்டு விற்றதையும், அடையாற்றின் கரை சுருங்கியதையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்டமுடியாது. உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் எங்கே போய் முடிகிறது என்று மாநகராட்சியில் கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.