மைனாவையும் எழுதுங்கள்

கேள்வி: எங்கள் பூங்காவில் காகம், மைனா, புறா, கிளி இவற்றைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. ஆறு மாதமாகப் பார்க்கிறேன். இதையெல்லாம் எண்ணி எழுதி என்ன ஆகப்போகிறது?

பதில்: ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் என் நோட்டில் முதல் இரண்டு வருடம் புதிதாகக் கண்ட பறவைகள் மட்டும்தான் இருக்கின்றன. மாம்பழச்சிட்டை முதலில் பார்த்த நாள் இருக்கிறது, மரம்கூட இருக்கிறது. தினமும் காலில் இடறாத குறையாகத் திரிந்த தவிட்டுக்குருவி ஒரு வரியில்கூட இல்லை.

பிறகு பூங்காவின் கிழக்கு மூலையில் இருந்த புதர்களை வெட்டி, சருகையெல்லாம் கூட்டி அள்ளி, புல்தரை போட்டார்கள். தவிட்டுக்குருவிக்குச் சருகுதான் சாப்பாட்டுத் தட்டு. ஒன்று தலையைச் சாய்த்துப் பார்க்கும், அலகால் ஓர் இலையைப் புரட்டி வீசும், பக்கத்தில் இருப்பது தத்திக்கொண்டு ஓடிவரும். கூட்டம் முழுக்க ஓயாமல் சத்தம் போட்டபடியே நகரும். ஒரே மாதத்தில் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. அந்த மூலையை மட்டுமாவது பழையபடி விடுங்கள் என்று கேட்கப் போனேன். "முன்னால் எத்தனை இருந்தது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. "நிறைய இருந்தது" என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அதனால் சொல்கிறேன், மைனாவை எழுதுங்கள், காகத்தை எழுதுங்கள். அபூர்வமான பறவை வந்தால் யாராவது ஒருவர் எப்படியும் எழுதிவிடுவார். கண்முன்னே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுதான் யாருக்கும் தெரியாமல் போகிறது. பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிகிற இ-பேர்ட் செயலியில் பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு "ஆம்" என்று மனதாரச் சொல்ல முடிகிற பட்டியலாக எழுதுங்கள். பட்டியலில் ஒரு பறவை இல்லையென்றால் அது அன்று கண்ணில் படவில்லை என்று நம்பலாம் அல்லவா, ஆராய்ச்சிக்கு அதுவும் ஒரு தகவல்தான். நேரத்தையும் தூரத்தையும் விட்டுவிடாதீர்கள். 15 நிமிடம் நின்று பார்த்த 6 மைனாவும், 2 மணி நேரம் நடந்து பார்த்த 6 மைனாவும் ஒன்றல்ல.

1900இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஃப்ராங்க் சாப்மன், கிறிஸ்துமஸ் சமயத்தில் பறவைகளைச் சுட்டு விளையாடும் வழக்கத்துக்குப் பதிலாக அவற்றை எண்ணலாமே என்று அழைத்தார். வட அமெரிக்காவில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் வருடாவருடம் நடக்கிறது. அதில் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள், ஊர்க்குருவி முதற்கொண்டு.

கேள்வி: ஞாயிறு காலை பத்துப் பேர் சேர்ந்து போகிறோம். கிளிக்கூட்டம் பறந்தால் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். யார் சொல்வதை எழுதுவது?

பதில்: எண்ணியவர் சொல்வதை. கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்துக் கிளியை ஒழுங்காக எண்ணுங்கள். அந்தப் பத்தும் வானத்தில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அப்படி எத்தனை பத்து போகிறது என்று பாருங்கள். உண்மையில் 43 இருந்து நீங்கள் 40 என்று எழுதினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

குழுவுக்கு ஒரே பட்டியல், ஒருவர் எழுதட்டும், அப்புறம் செயலியிலேயே மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். பத்துப் பேரும் தனித்தனியாகப் பதிந்தால் 8 மைனா 80 ஆகிவிடும். எழுதுகிறவருக்குப் பாதிப் பறவை தவறிப்போகும், பாவம், அதனால் வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருந்தால் முன்னால் நடக்க விடுங்கள். வயதாக ஆக நம் காதுக்கு எட்டாமல் போகிற மெல்லிய கீச்சுக் குரல்கள் அவர்களுக்குக் கேட்கும்.

கேள்வி: குரலைக் கேட்டே செயலி பெயரைச் சொல்லிவிடுகிறது. அப்படியே பட்டியலில் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மெர்லின் நல்ல செயலி, நானும் வைத்திருக்கிறேன். பெயர் வந்ததும் அந்தத் திசையில் திரும்பிப் பறவையைத் தேடுங்கள், அதற்குத்தான் அது. கரிச்சான் இருக்கிறதே, வல்லூறு மாதிரியே கத்தி மைனாக்களை விரட்டிவிட்டு அவற்றின் இரையைத் தட்டிக்கொண்டு போகும். மைனாவே ஏமாறுகிற குரலில் செயலி ஏமாறாதா?

பார்த்தும் சந்தேகம் தீராத பறவைகள் உண்டு. பெண் தேன்சிட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டை வெளுத்து, அதற்குக் கீழே மஞ்சளாக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. தொண்டையிலிருந்தே மஞ்சள் தொடங்கினால் ஊதாத் தேன்சிட்டு. தொண்டையைக் காட்டாமலே பறந்துவிட்டதா? சரி, தேன்சிட்டு என்று மட்டும் எழுதுங்கள். இனம் தெரியாததைப் பொதுவாகப் பதியவும் செயலியில் வழி இருக்கிறது. விவரம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் மனம் வருந்த வேண்டாம். வழக்கமில்லாத பறவையோ, வழக்கமில்லாத எண்ணிக்கையோ வந்தால் சரிபார்க்கும் தன்னார்வலர்கள் எல்லோரிடமும் கேட்பார்கள். பார்த்ததை அப்படியே எழுதி அனுப்புங்கள். தப்பு என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம்.

கேள்வி: இடுப்பளவு உயரச் செடியில் கொண்டைக்குருவிக் கூடு, உள்ளே மூன்று முட்டை. படம் எடுத்து, இடத்தைக் குறித்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடட்டுமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். நீங்கள் ஒருவர் நின்ற அந்த ஐந்து நிமிடமும் தாய் கூட்டில் இல்லை, முட்டை திறந்து கிடந்திருக்கும். இனி ஐம்பது பேர் வந்தால்? நாம் எங்கே குனிகிறோம் என்று காகமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். பட்டியலில் கொண்டைக்குருவிக்கு நேராக, கூட்டில் முட்டை என்று குறிக்க வசதி இருக்கிறது, அது போதும். பார்ப்பதற்காக இலையை விலக்கியிருந்தால் பழையபடி மூடியிருக்கிறதா என்று எட்டி நின்றே கவனியுங்கள். அடுத்த வாரம் பாதையில் நின்றபடி பைனாகுலரில் பாருங்கள். இலைக்கு மேலே கொண்டை மட்டும் தெரிந்தால் அது அடையில் உட்கார்ந்திருக்கிறது.