புள்ளிவிவரத்தை வைத்து வேலைவாய்ப்புத் திட்டம் போட முடியுமா?

கேள்வி இதுதான்: இவ்வளவு செலவழித்து வேலை பற்றிய கணக்கெல்லாம் எடுக்கிறார்களே, அதை வைத்து உருப்படியாக ஏதாவது திட்டம் போட முடியுமா?

முடியும். நான் தண்டையார்பேட்டைக்காரன். பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் தொழிலாளர் கணக்கெடுப்புக்காக, 2025க்கு முன்னால், வடசென்னையில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

காசிமேடு பக்கம் ஒரு வீடு. பிப்ரவரி மாதம். "போன 7 நாள்ல வேலைக்குப் போனீங்களாக்கா?" என்று கேட்டேன். "வேலைக்கெல்லாம் போவல தம்பி, வூட்லதான் கீறேன்" என்றார். டேப்லெட்டில் 92ஐத் தொடப் போனேன். வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர்களுக்கான எண் அது. அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் கீறல். ஐஸில் கிடந்த இறாலை மணிக்கணக்கில் உரித்தால் கை அப்படி ஆகும். எங்கள் பெரியம்மா கையும் அப்படித்தான் இருந்தது.

"எறா உரிக்கப் போறீங்களாக்கா?"

"ஆமா, விடியக்காலைல போய் பத்து மணிக்கு வந்துடுவேன். கிலோ கணக்குல காசு. அத்தப் போயி வேலன்னு எழுதுவியா?"

எழுதியே ஆக வேண்டும். வாரக் கணக்கில், 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர். அவருக்கு 51, அதாவது தினக்கூலி போலக் கிடைக்கிற வேலை. ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டதில் ஒரு பெண் உழைப்பாளியாகக் கணக்குக்குள் வந்தார். நகரத்தில் ஒரு பிளாக்குக்கு, அதாவது கணக்கெடுப்புக்காகப் பிரித்த ஒரு சின்னப் பகுதிக்கு, அப்போது 8 வீடுதான் எடுப்போம். ஒரு வீட்டில் தப்பாக எழுதினால் எத்தனையோ வீடுகளைப் பற்றித் தப்பாகச் சொன்ன மாதிரி.

இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்த்து 2017-18இல் 23.3 சதவீதம். 2023-24இல் 41.7. அதே 2023-24இல் ஆண், பெண் எல்லோருக்குமான வேலையின்மை 3.2 சதவீதம். இதைக் காட்டி "வேலைப் பிரச்சினை தீர்ந்தது" என்று யாராவது சொன்னால் அந்த அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் வேலையில் இருப்பவர்தான். எத்தனை மணி நேரம், என்ன கூலி, எந்த வகை வேலை என்பதெல்லாம் அதே கணக்கெடுப்பில் கேட்கிறார்கள். திட்டம் போடுபவர்கள் தலைப்பு எண்ணோடு நிற்காமல் அந்த அட்டவணைகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்த சிக்கல் சென்னை என்கிற ஒரே மாவட்டம். 2018இல் மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லையோடு சேர்த்துவிட்டார்கள். எண்ணூரும் சோழிங்கநல்லூரும் இப்போது ஒரே சராசரிக்குள். ஐ.டி. சம்பளமும் மணலியில் கன்டெய்னர் லோடு ஏற்றும் கூலியும் கூட்டி வகுத்தால் வருகிற எண் இரண்டு பேருக்கும் உதவாது. திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் என்று மாநகராட்சி மண்டல வாரியாக ஒரு தனிக் கணக்கு எடுத்தால்தான் இங்கே ஐ.டி.ஐ.யில் எந்தப் பிரிவைக் கூட்டலாம், அதிகாலை 4 மணிக்குத் திறக்கிற குழந்தைகள் காப்பகம் எங்கே வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

மற்ற பதிவேடுகளும் இருக்கின்றன. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் ஏற்கெனவே தனியாரில் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்தே இருப்பார்கள். பி.எஃப். கணக்கு மாதாமாதம் வருகிறது, ஆனால் பி.எஃப். பிடிக்கிற வேலைகள் மட்டும்தான் அதில் தெரியும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் 30 கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஹெல்பர் என்று பதிந்த என் மச்சான் இன்று டெலிவரி வண்டி ஓட்டுகிறார், பதிவில் இன்னும் ஹெல்பர்தான். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அப்படிப்பட்ட காலியிடக் கணக்கு மட்டும் ஒழுங்காக வந்தாலே, எந்தப் பயிற்சிக்கு ஆள் தேவை என்பது பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த அக்கா. அதே வீட்டுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி போக வேண்டும், போனேன். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, போட் போகவில்லை, இறால் வரவில்லை. "வேலை ஏதாவது தேடினீங்களாக்கா?" "எங்க போய்த் தேடறது? யாராச்சும் கூப்ட்டா போவேன்." 82 என்று பதிந்தேன். தேடவில்லை, கிடைத்தால் செய்யத் தயார் என்று அர்த்தம். கணக்கில் அவர் இப்போது வேலையில்லாதவர்.

2025 முதல் இந்தக் கணக்கு மாதாமாதம் வெளியாகிறது, ஆனால் அது நாடு முழுவதற்குமான எண். காசிமேட்டில் மே மாதம் எத்தனை 82 என்று மண்டல அளவில் தெரிந்தால், அந்த 61 நாளுக்கு என்று ஒரு வேலைத் திட்டத்தை மார்ச் மாதமே தயார் செய்துவிடலாம்.