செயின் கத்துது, பேட்டரி படுக்குது: பைக் கேள்வி பதில்

"பைக் சம்பந்தமா என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதுறேன்" என்று போன வாரம் வாயைக் கொடுத்துவிட்டேன். இருபதுக்கு மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: சிங்கப்பூரில், ஊபியில் ஒரு பைக் வொர்க்‌ஷாப்பில் 14 வருஷம் ஸ்பேனர் பிடித்தவன். இப்போது துவாஸில் வேறு வேலை. ஈசூனிலிருந்து தினமும் பைக்கில்தான் போய்வருகிறேன்.

செங்காங்கிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, சாப்பாடு டெலிவரி ஓட்டுறேன், ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் போகும். செயின் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல, கர்ர்னு கத்துது. கடையில மட்டமான செயின் போட்டுட்டாங்களா?

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் ஒரு கணக்கு போடு. வாரத்தில் ஆறு நாள், 120 கிலோமீட்டர். ஆறு மாதத்தில் 18,000 தாண்டிவிடும். அலுவலகத்துக்குப் போய்வருகிறவருக்கு அது இரண்டு வருஷ ஓட்டம். உன் பைக்குக்கு மாதக்கணக்கு சரிவராது, கிலோமீட்டர் கணக்குதான்.

நம் ஊரில் செயினைத் தின்பது மழை. மதியம் கொட்டுகிறது, அரை மணியில் வெயில் காய்கிறது. சாலைத் தூசி, மணல், டயர் வாரியடிக்கும் அழுக்குத் தண்ணீர் எல்லாம் செயினில் ஏறி, எண்ணெயோடு குழைந்து அரைத்த மாவு மாதிரி ஆகிவிடும். அதன்மேலேயே லூப் (செயின் எண்ணெய்) அடித்தால் மணலுக்கு எண்ணெய் தடவுகிற வேலைதான். முதலில் துடைக்க வேண்டும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள், உனக்கு அது நான்கு நாளுக்கு ஒருமுறை. நல்ல மழையில் நனைந்தால் அன்று இரவே.

பெட்ரோலால் கழுவாதே. இப்போது வரும் பல செயின்களில் கண்ணிகளுக்கு நடுவே ஓ-ரிங் என்று சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். உள்ளே அடைத்த கிரீஸைக் காப்பது அதுதான். பெட்ரோல் பட்டால் ரப்பர் கெட்டு, கிரீஸ் வெளியேறி, செயின் இறுகிப்போகும். மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர், மென்மையான பிரஷ், பழைய பனியன் துணி, இவ்வளவு போதும். டபிள்யூடி-40 அடித்துவிட்டு லூப் போட்டாயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம். அது ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும். செயினுக்கு வேண்டிய வழுவழுப்பு அதில் நிற்காது.

லூப்பைச் செயினின் உள்பக்கம் அடி, சுற்றும்போது தானாக வெளிப்பக்கம் பரவும். ஓட்டி முடித்து, செயின் சூடாக இருக்கும்போது அடித்து, இரவெல்லாம் விட்டுவிடுவது உத்தமம். தொய்வைப் பார்க்க, கீழ்ச்செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் ஆட்டு. சின்ன பைக்குகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். சரியான அளவு ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். இறுக்கமாக வைப்பதுதான் நல்லது என்று நினைக்காதே. ஆள் ஏறி உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும், பேரிங் அடிவாங்கும். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி ஒருபக்கம் சாய்ந்திருந்தால் செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்று. பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் சீக்கிரமே மறுபடி கத்தும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினைத் துணியால் பிடித்துத் துடைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடு. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு நடுவிரல் நுனி இல்லாமல் போனது அப்படித்தான். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்று.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒருவர்: காருக்கு வாங்கிய எஞ்சின் ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருக்கிறது. என் 150 சிசி பைக்கில் ஊற்றலாமா?

வேண்டாம். கியர் பைக்குகளில் பெரும்பாலும் எஞ்சினும் கிளட்சும் ஒரே எண்ணெயில் ஊறிக் கிடக்கும். கார் ஆயிலில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று வழுக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் தகட்டுக்கு ஆகாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறும், வண்டி நகராது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய எண்ணெய்த் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி என்றிருந்தால் அது பெல்ட் ஓடும் ஸ்கூட்டருக்கானது. மிச்சமான லிட்டரைக் காருக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

தோ பாயோவிலிருந்து ஒருவர்: ஒரு வருஷத்தில் இரண்டு பேட்டரி போய்விட்டது. டேஷ்கேம், போன் சார்ஜர், முன்பக்கம் எல்இடி விளக்கு எல்லாம் மாட்டியிருக்கிறேன். பைக்கில் ஏதாவது கோளாறா அண்ணா?

பைக்கில் இருக்காது, நீங்கள் மாட்டியதில்தான் இருக்கும். இந்த மாதிரி ஏழு கேள்விகள் வந்திருக்கின்றன, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை மலிவுதான். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் அதன் முனைகளைப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் இருந்தால் பேட்டரி முழுதாக இருக்கிறது. இப்போது எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிப் பிடியுங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டினால் சார்ஜிங்கில் குறையில்லை. 13ஐத் தாண்டவே இல்லை என்றால் சார்ஜிங்கை அளவாக்கிக் கொடுக்கும் ரெக்டிஃபையரையோ மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் சுருளையோ சந்தேகப்படலாம். 15ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர்தான், அது பேட்டரியை வேகவைத்துவிடும்.

உங்கள் விஷயத்தில் சார்ஜிங் சரியாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். டேஷ்கேமை நேராகப் பேட்டரியில் கொடுத்திருப்பார்கள், நிறுத்தியிருக்கும்போதும் அது படம் பிடித்துக்கொண்டிருக்கும். கார் பேட்டரி தாங்கும். பைக் பேட்டரி சோப்புக்கட்டி அளவு, அது எங்கே தாங்கும்? சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் போகிற மாதிரி நடுவில் ஒரு ரிலே போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபியூஸ் வேண்டும், அதுவும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

ஃபியூஸ் விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வொர்க்‌ஷாப் ஆள் என்ற திமிரில், என் பழைய வண்டியில் விளக்கை ஃபியூஸ் இல்லாமல் நேராக இழுத்தேன், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று. அந்த "அப்புறம்" வருவதற்குள் டேங்குக்கு அடியில் வயர் நசுங்கிவிட்டது. அப்பர் தாம்சனில் சிவப்பு விளக்கில் நிற்கிறேன், தொடைக்கு நடுவில் பிளாஸ்டிக் கருகும் வாடை. டேங்க் நிறையப் பெட்ரோல். இறங்கி, சீட்டைக் கழற்றி, பேட்டரி வயரைப் பிடுங்கியபோது கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. பத்துக் காசு பெறாத ஒரு ஃபியூஸ்.

கூடுதல் விளக்கை மாட்டும் முன் அது அனுமதிக்கப்பட்டதா என்று நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் பொருத்திய இஆர்பி (சாலைக் கட்டண) கருவியின் வயரிலிருந்து மட்டும் எதற்கும் மின்சாரம் எடுக்காதீர்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து ஒரு தங்கை: கைப்பிடியில் போனை மாட்டி வழி பார்த்துத்தான் ஓட்டுவேன். இப்போ கேமராவில் எடுத்தால் எல்லாம் ஆடி ஆடித் தெரிகிறது. சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம் தங்கச்சி. படம் ஆடாமல் இருப்பதற்காகக் கேமராவுக்குள் லென்ஸை நுணுக்கமாக நகர்த்தும் அமைப்பு ஒன்று உண்டு. எஞ்சின் அதிர்வு நாள்முழுக்க ஏறினால் அது கெட்டுவிடும். மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் வைத்த மவுண்ட் கிடைக்கிறது, வாங்கிக்கொள். என்னைக் கேட்டால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனை அதற்கென்று ஒதுக்கிவிடு.

ஈசூனிலிருந்து ஒருவர்: பின்னால் பெரிய டாப் பாக்ஸ் போட்டதிலிருந்து விரைவுச்சாலையில் 80ஐத் தொட்டால் முன்பக்கம் ஆட்டம் காண்கிறது. ஃபோர்க் போயிடுச்சா?

பக்கத்து புளோக்கா நீங்கள்? பெட்டியைக் காலிசெய்து அதே சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஆட்டம் போய்விட்டால் விடை கிடைத்துவிட்டது. பின்சக்கரத்தின் அச்சையும் தாண்டிப் பின்னால் எடை தொங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும். காற்றும் பெட்டியில் மோதும். சின்ன பைக்கின் கேரியர் பெரும்பாலும் சில கிலோவுக்குத்தான் செய்யப்பட்டது, எவ்வளவு என்று அதிலேயே பொறித்திருப்பார்கள். பெட்டியின் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். தேக்காவில் வாங்கிய பத்துக் கிலோ அரிசி மூட்டை அங்கே போகக்கூடாது. ஸ்கூட்டராக இருந்தால் கால் வைக்கும் இடத்தில் வைக்கலாம், இல்லையென்றால் பஸ்ஸில் கொண்டுவாருங்கள். பாக்ஸைக் கழற்றியும் ஆடினால் டயர் காற்று, கைப்பிடித் தண்டின் பேரிங் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொங்கோலிலிருந்து ஒரு தம்பி, இப்போதுதான் 2பி (சின்ன பைக் உரிமம்) எடுத்தவர்: புது டயர் மாத்திட்டு வந்த அன்னைக்கே ரவுண்டானாவுல வழுக்கிட்டேன். காயம் பெருசா இல்ல. டயர் சரியில்லையா?

காயம் இல்லாதது நல்லது. புது டயரின் மேல்தோல் வழுவழுவென்று இருக்கும். முதல் 100 கிலோமீட்டர் மெதுவாக, அதிகம் சாய்க்காமல் ஓட்டித்தான் அதைத் தேய்க்க வேண்டும். உனக்கு டயர் மாற்றியவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. காசு கொடுக்கும் முன் அதைப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள். காற்றை டயர் ஆறியிருக்கும்போது பிடி.

மழை ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள்தான் மோசம், சாலையில் படிந்த எண்ணெய் மேலே மிதந்து வரும். வெள்ளைக் கோடு, அம்புக்குறி, சாக்கடை மூடி, மேம்பாலத்தில் இரும்பு இணைப்பு, கட்டுமானத்துக்குப் போட்ட இரும்புத் தகடு, இவற்றின் மேல் பிரேக்கும் பிடிக்காதே, சாய்க்கவும் சாய்க்காதே. விரைவுச்சாலையில் மழை பிடித்தால் பைக்குக்கென்று பாலத்தடியில் ஒதுக்கிய இடத்தில் நில். அது இல்லாத பாலத்தடியில் சாலையோரம் கூட்டமாக நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பின்னால் வரும் லாரி டிரைவருக்கும் அதே மழைதான்.

அங் மோ கியோவிலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 8 வயசு. பள்ளிக்கூடம் பக்கம்தான், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகலாமா?

முடியாதுக்கா. 10 வயது ஆகாத பிள்ளையை இங்கே மோட்டார் சைக்கிளில் ஏற்றக்கூடாது. பக்கம், தூரம் என்ற கணக்கே கிடையாது. இரண்டு வருஷம் நடக்கட்டும்.

உட்லண்ட்ஸிலிருந்து இருவர், ஏறத்தாழ ஒரே கேள்வி: முதல்முறை மலேசியாவில் மெர்சிங் வரை போகிறோம், பைக்கில் என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் பைக் படப்போகும் பாடு ஜோகூருக்குப் போகும் காஸ்வேயில்தான், அதற்கப்புறம் அது பாட்டுக்கு ஓடும். நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் போகாதீர்கள். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு நகராமல் நின்றால் குளிர்ச்சியே கிடையாது. வரிசை நின்றுவிட்டால் அணைத்துவிடுங்கள், கிளட்சைப் பாதி பிடித்தபடி ஊர்ந்து போகாதீர்கள். ஜோகூரில் மஞ்சள் குழாய் ரோன்95 பெட்ரோல் நமக்குக் கிடையாது, வெளிநாட்டு வண்டிக்கு 2010இலிருந்து தடை. ரோன்97தான் போட வேண்டும்.

பிரேக் எண்ணெயை மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதென்றால் கிளம்பும் முன் மாற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும். மூடியில் டாட் 4 என்றிருந்தால் டாட் 4தான். பெயிண்டில் ஒரு சொட்டு சிந்தினாலும் உடனே தண்ணீரால் கழுவுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரியும். ஸ்போக் சக்கரம் உள்ளவர் மாற்று டியூபும், அதைக் கழற்றத் தெரிந்த ஒரு நண்பரையும் கூட்டிப்போகவும்.

தெம்பனிசிலிருந்து ஒருவர்: அப்பாவின் யமாஹா ஆர்எக்ஸ்இசட் பைக், 1990களில் பதிந்தது. அவர் போன வருஷம் காலமானார். ஓட்டாமலே நிற்கிறது. வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா?

இதற்கு மட்டும் இரண்டு முறை எழுதி அழித்தேன். முதலில் சட்டம்: 2003 ஜூலை 1க்கு முன் பதிந்த மோட்டார் சைக்கிள்களை 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட்ட முடியாது. அதுவரைக்கும்தான் அவகாசம்.

ஓட்டுவதென்றால் நேராக உதைக்காதீர்கள். டேங்கில் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா பாருங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைத் தனியாக இழுத்துக் கொடுக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம். அதை வெளியேற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பழைய கை ஒருவரைப் பார்த்துக் கொடுங்கள், ஊபியிலும் காக்கி புக்கிட்டிலும் அந்த எஞ்சினைச் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சைலன்சரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், வருஷாந்திரச் சோதனையில் அங்கேதான் முதலில் கை வைப்பார்கள்.

கொடுப்பதா வேண்டாமா என்பதை நான் எப்படிச் சொல்வது? நானாக இருந்தால் சரிசெய்து, அவர் வழக்கமாகப் போன சாலையில் ஒருமுறை ஓட்டிவிட்டு அப்புறம் யோசிப்பேன்.

மீதிக் கேள்விகள் எல்லாம் "எந்த பைக் வாங்கலாம்" வகை. சிஓஇ (வண்டி வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ்) விலையைப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள், அதற்குள் பாதிப் பேர் பஸ் அட்டைக்குக் காசு ஏற்றியிருப்பீர்கள்.