மேட்டில் திணறும் பெட்ரோல் லாரி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் அப்பாரு ஓட்டிய ஆறு சிலிண்டர் பெட்ரோல் லாரியை இன்றும் பராமரித்து வருகிறோம். சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி, அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிக் கொல்லிமலை ஏறும்போது கரும்புகை கக்கித் திணறுகிறது. நிறுத்தியதும் பெட்ரோல் வாடை வீசுகிறது. மிஸ்திரி ஐட்லிங் ஸ்க்ரூவைப் பலமுறை திருப்பியும் பயனில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரையே மாற்றிவிடலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: மாற்ற வேண்டாம். அந்த ஸ்க்ரூ, எஞ்சின் சுமையின்றி ஐட்லிங்கில் ஓடும்போது செல்லும் கலவையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. சுமையோடு மேடேறும்போது பெட்ரோல் மெயின் ஜெட் என்ற அளவுத்துளை வழியாகச் செல்வதால், ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் மலைப்பாதையில் மாற்றம் தெரியாது.

கரும்புகை, வாடை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மட்டம் உயர்ந்திருக்கிறது என்றே கருதுகிறேன். அறைக்குள் பெட்ரோல் வரும் வழியை மூடும் நீடில் வால்வு தேய்ந்து சரியாக அடைக்காமல் போயிருக்கலாம், பம்பின் அழுத்தம் கூடியிருக்கலாம், அல்லது மிதந்து அந்த வால்வை மூடவேண்டிய பித்தளை ஃப்ளோட் ஓட்டையாகிப் பெட்ரோல் உள்ளே புகுந்திருக்கலாம். ஃப்ளோட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் அது ஓட்டைதான். அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளி வைத்த சுடுதண்ணீரில் அமிழ்த்தினால் ஓட்டையிருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். பெட்ரோல் முழுவதும் வெளியேறி உலர்ந்த பிறகே ஈயம் வைக்க வேண்டும், தீச்சுடரை அருகில் கொண்டுவரவே கூடாது. ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்து மட்டம் மறுபடியும் உயரும் என்பதால், புதியது கிடைத்தால் அதுவே நல்லது. மட்டம் உயர்ந்த அறை சரிவில் சாயும்போது பெட்ரோல் தானாகவே நாசில் வழியே வழியத் தொடங்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலையில் குறை வெளிப்படுவது அதனால்தான். போதாததற்கு, 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது, பெட்ரோலோ அதே அளவுக்குக் குறைவதில்லை; அதனால் கலவையில் பெட்ரோல் மிஞ்சுகிறது.

ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளைத் துளை சிறிது அகன்றாலும் அளவு கெட்டுவிடும்; கார்புரேட்டர் கிளீனரும் காற்றுமே போதும்.

மட்டம் சரியான பின்பு, இக்னிஷன் பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் ஒழுங்காக இருப்பதை உறுதிசெய்து, சூடான எஞ்சினில் காற்றைத் தடுக்கும் சோக் முழுவதும் திறந்திருக்க, ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும் வரை மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து தொடங்குங்கள். சிலிண்டர்களுக்குக் கலவை செல்லும் இன்டேக் மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் (வெற்றிடமானி) பொருத்தி, முள் மிக உயர்ந்து அசையாமல் நிற்கும் இடம்வரை இரு பக்கமும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். சமவெளியில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். முள் துடித்தால் குறை வால்விலோ இக்னிஷனிலோ இருக்கக்கூடும், அதைக் கார்புரேட்டரில் தேடிப் பயனில்லை.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாயும் பம்பின் டயாஃப்ரம் சவ்வும் ஊறிக் கெடலாம். எத்தனாலைத் தாங்கும் வகையைக் கேட்டு வாங்கி இரண்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: சித்திரை வெயிலில் சந்தையருகே பத்து நிமிடம் நிறுத்தினால் என் பழைய பெட்ரோல் ஜீப் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. ஆறிய பிறகு உடனே கிளம்புகிறது. ஏன்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: எஞ்சின் நின்றதும் மேனிஃபோல்டின் சூடு மேலேறிக் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலைக் கொதிக்க வைக்கிறது, அது சிலிண்டருக்குள் வழிந்து பிளக்கை நனைத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடாமல், அடிவரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்தபடி செல்ஃப் எடுங்கள், காற்று நிறைய நுழைந்து கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த வெப்பத்தடுப்பு கேஸ்கட் இருக்கிறதா என்று பாருங்கள். பழுதுபார்ப்பில் அதை விட்டுவிட்டு மெல்லிய காகிதக் கேஸ்கட்டை மட்டும் வைத்து முடுக்குவது பல பட்டறைகளில் நடக்கிறது. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டை ஒட்டிச் சென்றால் அதையும் விலக்கிக் கட்டச் சொல்லுங்கள்.