விடுதியில் 42 கட்டில் காலி: வாடகையை ஏற்றுவதா, மாடியைப் பூட்டுவதா?

கேள்வி: சேத்துப்பட்டில் எங்கள் அறக்கட்டளை ஒரு மாணவியர் விடுதி நடத்துகிறது. 120 கட்டில்கள். இப்போது இருப்பவர்கள் 78 பேர்தான். அறை வாடகை மாதம் 3,000 ரூபாய், வருடத்தில் பத்து மாதம் வாங்குகிறோம். மெஸ் தனிக்கணக்கு, ஆன செலவைச் சாப்பிட்டவர்களுக்குள் பங்கிடும் டிவைடிங் முறை. மெஸ் நீங்கலாக விடுதிக்கு மாதம் 2,60,000 ரூபாய் செலவாகிறது. மளிகைக் கடைக்கு 2 லட்சம் பாக்கி. சமையல்காரர்களுக்குப் போன மாதச் சம்பளம் தரவில்லை. ஆளுக்கு 5,000 ரூபாய் வாங்கிய காஷன் டெபாசிட்டை எடுத்துக் கரண்ட் பில் கட்டிவிட்டோம். பொங்கல் கழித்து வாடகையை 4,000 ஆக்கிவிடலாம் என்கிறார் பொருளாளர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஜூனில் ஒரு தொகையைச் சொல்லிச் சேர்த்துவிட்டு ஜனவரியில் மாற்றுவது பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது. அதோடு பணமும் நீங்கள் நினைக்கிறபடி வராது. வசதியுள்ளவர்கள் பக்கத்திலுள்ள தனியார் பிஜி விடுதிக்குப் போய்விடுவார்கள். முடியாதவர்கள் பாக்கி வைப்பார்கள். பேரேட்டில் வரவு கூடும், வங்கியில் கூடாது. காலிசெய்கிற ஒவ்வொருவரும் கையோடு டெபாசிட்டைக் கேட்பார்கள். அது இப்போது உங்களிடம் இல்லை.

முதலில் மாதக் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்குக்கு வாருங்கள். வாடகை பத்து மாதம்தான் வருகிறது. காவலாளி, வார்டன், சொத்துவரி, தண்ணீர் எல்லாம் பன்னிரண்டு மாதமும் உண்டு. ஆண்டுச் செலவு 31,20,000 ரூபாய். அதை 78 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 40,000. அவர்கள் தருவது 30,000. ஆக, ஒவ்வொரு மாணவிக்கும் பத்தாயிரம் வீதம் ஆண்டுக்கு 7,80,000 ரூபாய் துண்டு விழுகிறது. இதே வாடகையில் வரவும் செலவும் சரியாக 104 பேர் வேண்டும்.

இப்போது ஒரு மாடியைப் பூட்டிப் பாருங்கள். காலியான அறைகள் பெரும்பாலும் ஒரே மாடியில் இருப்பதில்லை, ஒவ்வொரு மாடியிலும் மூன்று நான்காகச் சிதறிக் கிடக்கும். ஆறு பேர் இருக்கிற மாடிக்கும் வராந்தா விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும், பெருக்கித் துடைக்க ஆள் வேண்டும், ஒழுகும் குழாயை யாராவது பார்க்க வேண்டும். செமஸ்டர் விடுமுறையில் பேசி, சம்மதம் வாங்கி, எல்லோரையும் கீழ் மாடிகளுக்கு மாற்றுங்கள். தோழிகளைப் பிரிக்காமல் மாற்றினால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். இதில் மாதம் 30,000 மிச்சமானால் ஆண்டுச் செலவு 27,60,000 ஆகிறது, 92 பேர் போதும். வரும் ஜூனில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் பழையவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வாடகையை 3,300 ஆக்கினால் 84 பேரிலேயே கணக்கு நேராகும். படிப்பு முடிந்து போகிறவர்களுக்கு ஈடாகச் சேர்பவர்கள் போக, இன்னும் ஆறு பேர் சேர வேண்டும், அவ்வளவுதான். 42 பேரைத் தேடுவது மலைப்பாக இருக்கும். ஆறு பேரைத் தேடுவது நடக்கிற காரியம்.

மெஸ்ஸுக்கு வருகிறேன். விடுதிகள் நொடிப்பது பெரும்பாலும் இங்கேதான். டிவைடிங் முறை நேர்மையானது: மாதச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுக்கிறோம். ஆனால் சமையல்காரர் சம்பளத்தையும் அதற்குள் போட்டுவிட்டால் ஆள் குறையக் குறைய நாள் ரேட் ஏறும், ரேட் ஏற ஏற ஆள் குறையும். உதாரணத்துக்கு, 78 பேர் 26 நாள் சாப்பிட்டால் 2,028 நாட்கள். அரிசி, மளிகை, காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 2,02,800 ரூபாய் என்றால் நாளுக்கு 100 ரூபாய். சம்பளம் 60,000 சேர்ந்தால் அது ஏறக்குறைய 130. சம்பளத்தை மாதாமாதம் மாறாத எஸ்டாப்ளிஷ்மென்ட் கட்டணமாகத் தனியே பிரித்துக் காட்டுங்கள். மாணவி கட்டுவது இந்த மாதம் குறையாது என்றாலும், சாப்பாட்டு ரேட் ஏன் ஏறியது என்று எல்லோருக்கும் தெரியும். மெஸ் கமிட்டியின் பேச்சும் சமையல்காரர் சம்பளத்தை விட்டு அரிசிக் கணக்குக்கு வரும்.

ஒரு விடுதிக் கணக்கைப் பார்க்கச் சனிக்கிழமை காலை போயிருந்தேன். அண்டாவில் பாதிக்கு மேல் வெண்பொங்கல் அப்படியே இருந்தது. மேலே ஆடை கட்டி, மிளகு தெரிய வெடித்திருந்தது. சமையல்கார அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நோட்டுல 74 பேருன்னு இருக்கு சார். சாப்பிட வந்தது 31.” வெள்ளிக்கிழமை மாலை விழுப்புரம், வேலூர் ரயிலேறிப் போனவர்கள் யாரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொன்னாலும், சாப்பிடாத நாளுக்குப் பணம் கழிக்கும் மெஸ் ரிடக்‌ஷன் கிடைக்க மூன்று நாளாவது தொடர்ந்து விடுப்பு வேண்டும் என்று அங்கே விதி. அந்த விதியை ஒரு நாளாகக் குறைத்தோம். வெள்ளி மாலை ஆறு மணிக்குள் நோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று வைத்தோம். மாணவிகளுக்குப் பில் குறைந்தது, அண்டாவில் மீந்தது நின்றது. தயவுசெய்து குழம்பில் பருப்பைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். சாப்பாடு மோசமான விடுதிக்கு அடுத்த ஜூனில் யாரும் வரமாட்டார்கள். அதைவிட, வளர்கிற பிள்ளைகள் அதைத்தான் தினமும் சாப்பிடுகிறார்கள்.

அப்புறம் அந்த டெபாசிட். 78 பேருக்கு 5,000 வீதம் 3,90,000 ரூபாய். அது உங்கள் வருமானம் அல்ல, திருப்பித் தரவேண்டிய கடன். இறுதியாண்டு மாணவியர் 25 பேர் என்று வைத்தாலும் மே மாதம் 1,25,000 எடுத்துவைக்க வேண்டும். ஜூனில் சேர்கிறவர்களின் டெபாசிட்டிலிருந்து அதைத் தரலாம் என்ற யோசனைக்கு இடமே கொடுக்காதீர்கள். அறங்காவலர்கள் வட்டியில்லாமல் கைமாற்றாகப் போட்டு, தனி வங்கிக் கணக்கில் வைப்பதே சரி.

பூட்டிய மாடியில் வேலைக்குப் போகும் பெண்களைத் தங்கவைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நல்ல வழிதான். ஆனால் அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் ‘மாணவியர்’ என்று மட்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வருமானவரி விலக்கு அதைப் பொறுத்தது. பெண்கள் விடுதிகளுக்கான 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் உரிமத்திலும் அதைத் தெரிவிக்க வேண்டியிருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையில் மட்டும் வெளியாட்களுக்கு விடுவதில் ஜிஎஸ்டி சிக்கல் உண்டு. ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால்தான் 2024 ஜூலையில் வந்த விலக்கு பொருந்தும். குறுகிய தங்கலுக்கு வரி உண்டு. ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்சம் ரூபாய் ஆண்டு வரவு வரம்பைக் கணக்கிடும்போது விலக்கு பெற்ற வாடகையும் சேரும். அதனால் ஆண்டு முழுக்கத் தங்குகிறவர்களே உங்களுக்கு ஏற்றவர்கள். இறங்குவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பழைய மாணவியரிடம் உதவி கேட்கலாம். “விடுதிக்கு உதவுங்கள்” என்று கேட்டால் வராது. “இரண்டாம் மாடிக் குளியலறை, இவ்வளவு ரூபாய்” என்று கேளுங்கள், வரும். நன்கொடைக்கு வருமானவரிச் சலுகை தரும் 80ஜி ரசீதை மட்டும் நம்ப வேண்டாம். புதிய வருமானவரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தாலும் கிடையாது.

வசூல் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டையோ சான்றிதழையோ பிடித்துவைக்காதீர்கள். பெற்றோரை அழைத்துத் தவணை எழுதி வாங்குங்கள். பட்டியல் சாதி மாணவியருக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கக் கிடைக்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு இப்போது மாணவியின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. அது வரும் மாதத்தை ஒட்டித் தவணை வைத்தால் அவர்களால் கட்ட முடியும்.

கையில் வருகிற முதல் பணம் சமையல்காரர்களின் சம்பளத்துக்கு. பிறகு கரண்ட் பில், அதற்குப் பிறகு மளிகை. கடைக்காரரிடம் போனில் பேசாமல் நேரில் போங்கள். பழைய 2 லட்சத்துக்கு மாதம் 10,000 என்று எழுதிக்கொடுத்து, இனி வாங்கும் சரக்குக்கு அன்றன்றே பணம் கொடுங்கள். இருபது மாதத்தில் அந்தக் கணக்கு முடிந்துவிடும்.