டேட்டாபேஸ் பயனர் குழுக் கூட்டங்களில் மாணவருக்கு என்ன வேலை?

டி.பி.ஏ. (டேட்டாபேஸ் நிர்வாகி) ஆக வேண்டும், ஆனால் பயனர் குழுக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பழுத்த அனுபவசாலிகள், அங்கே நான் போய் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் போங்கள். இரண்டு மூன்று கூட்டங்களில் உட்கார்ந்து கேளுங்கள். அதற்குப் பிறகு நீங்களே ஐந்து நிமிடம் பேச வேண்டும். மெதுவாக ஓடும் ஒரு க்வெரியை (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியை) பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கத் தெரியுமா என்பதைச் சான்றிதழை வைத்துச் சொல்லிவிட முடியாது. நீங்கள் பேசிக் காட்டினால் தெரிந்துவிடும்.

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர் படிப்பவர் என்றால் 2007-இல் தொடங்கிய எஸ்க்யூஎல் சாட்டர்டே என்ற பயிற்சி நிகழ்ச்சி உங்களுக்கு ஏற்றது. தாய் அமைப்பான பாஸ் 2021-இல் கலைந்த பிறகும் தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து நடத்துகிறார்கள். திறமூல டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் பக்கம் பிஜிடே, பிஜிகான்ஃப் நிகழ்ச்சிகள் உண்டு. இப்படிப்பட்ட பல மாநாடுகளில் 'லைட்னிங் டாக்' என்ற குறும்பேச்சு நேரம் இருக்கும். புதியவர்கள் நுழைய அதுவே நல்ல வாசல்.

தலைப்பைச் சிறியதாக எடுங்கள். 'போஸ்ட்கிரெஸ் செயல்திறன்' என்று எடுத்தால் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் மிஞ்சாது. 'மின்னஞ்சல் பத்தியில் இண்டெக்ஸ் இருந்தும் க்வெரி ஏன் முழு டேபிளையும் படிக்கிறது?' என்பது போதும் (பத்தி என்பது டேபிளின் நெடுவரிசை, இண்டெக்ஸ் என்பது வரிசைகளை வேகமாகத் தேட உதவும் அமைப்பு). நிபந்தனையில் அந்தப் பத்தியை எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கும் லோயர் ஃபங்ஷனுக்குள் வைத்தால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. லோயர் மீதே ஓர் எக்ஸ்பிரஷன் இண்டெக்ஸ் (ஃபங்ஷன் தரும் விடையின் மீது போடும் இண்டெக்ஸ்) போட்டு, மறக்காமல் டேபிளின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் அனலைஸ் கட்டளையையும் ஓட்டி, முன்னும் பின்னும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் (க்வெரி ஓடிய வழியையும் நேரத்தையும் காட்டும் கட்டளை) காட்டுங்கள்.

செய்முறை கெடும் இடங்கள் உண்டு. நூறு வரிசை உள்ள டேபிளில் காட்டினால் இண்டெக்ஸ் போட்ட பிறகும் சீக்வென்ஷியல் ஸ்கேன்தான் (முழு டேபிளையும் வரிசையாகப் படிப்பது) வரும். அவ்வளவு சிறிய டேபிள் ஓரிரு 8 கேபி பக்கங்களுக்குள் அடங்கிவிடுவதால், நேராகப் படிப்பதே மலிவு என்று க்வெரிக்கு வழி தேர்ந்தெடுக்கும் பிளானர் சரியாகவே முடிவெடுக்கிறது. தொடர் எண்களை உருவாக்கித் தரும் ஜெனரேட் சீரிஸ் ஃபங்ஷன் கொண்டு 10 லட்சம் வரிசைகள் உருவாக்குங்கள். அடுத்தது கேஷ் (படித்ததை நினைவகத்தில் வைத்திருப்பது). முதல் முறை டிஸ்கிலிருந்து படித்த பக்கங்கள் இரண்டாம் முறை நினைவகத்திலேயே இருக்கும். அதனால் குறைந்த நேரத்தை இண்டெக்ஸின் கணக்கில் எழுதிவிடுவார்கள். எக்ஸ்பிளெயினில் பஃபர்ஸ் விருப்பத்தையும் சேருங்கள். 'ஹிட்' (கேஷில் கிடைத்தவை) எவ்வளவு, 'ரீட்' (கேஷில் இல்லாமல் படிக்க வேண்டியிருந்தவை) எவ்வளவு என்று தெரிந்துவிடும். கேள்வி நேரத்தில் அனுபவசாலிகள் முதலில் கை வைப்பது இங்கேதான்.

அரங்கின் இணையத்தை நம்ப வேண்டாம். டேட்டாபேஸ் உங்கள் லேப்டாப்பிலேயே ஓடட்டும், வெளியீட்டின் படங்களையும் ஸ்லைடில் வைத்திருங்கள். இன்டர்ன்ஷிப் செய்த நிறுவனத்தின் டேட்டாவையோ டேபிள் பெயர்களையோ திரையில் காட்டவே கூடாது. பெயரை மாற்றிவிட்டேன் என்ற சமாதானமும் வேண்டாம், செயற்கை டேட்டா உருவாக்குவது சில நிமிட வேலைதான். பேசி முடித்ததும் ஸ்கிரிப்டுகளைப் பொது கிட் களஞ்சியத்தில் ஏற்றி, அந்த இணைப்பை ரெஸ்யூமேயில் சேருங்கள்.

மூத்தவர்களிடம் கேள்வி கேட்கும்போது நான்கு விவரம் கையில் இருக்கட்டும்: டேட்டாபேஸின் பதிப்பு எண், டேபிள் அமைப்பு, முழு க்வெரி, எக்ஸ்பிளெயின் வெளியீடு. 'க்வெரி ஸ்லோவா இருக்கு சார்' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. இடைவேளைகளில் உங்கள் வயதுக்காரர்களோடு மட்டும் நிற்காதீர்கள். வரவேற்பு மேசையில் தன்னார்வலராக நின்றால் பேச்சாளர்களோடு அறிமுகம் தானாக வரும்.

இதெல்லாம் பழகிய பிறகு போஸ்ட்கிரெஸின் கமிட்ஃபெஸ்ட் (வந்த பேட்ச்களை, அதாவது நிரல் மாற்றங்களை, பரிசீலிக்கும் காலம்) பக்கம் பாருங்கள். பேட்ச் அனுப்புகிறவர்கள் மற்றவர்களின் பேட்சையும் பரிசோதிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம், ஆனாலும் பரிசோதிப்பவர் எப்போதும் போதாமலே இருக்கிறார்கள். பேட்சைப் பொருத்தி, கம்பைல் செய்து, சோதனைகளை இயக்கும் 'மேக் செக்' ஓட்டி, ஆவணத்தில் சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்து எழுதுவது மாணவரால் முடிகிற வேலை.