தோளில் ஒன்று, ஜன்னலில் ஒன்று

அன்புள்ள ஐயா,

வீட்டுக்கு யூபிவிசி ஜன்னல் போடுகிறோம். கண்ணாடி பதித்த, திறந்து மூடும் சட்டத்துக்குக் கொட்டேஷனில் ‘சேஷ்’ என்று எழுதியிருந்தார்கள். என் மகள் பள்ளி மாணவர் தலைவியானபோது தோளில் குறுக்காகப் போட்ட பட்டைக்கும் அதே பெயர்தான். துணி உடம்பைச் சுற்றுகிறது, சட்டம் கண்ணாடியைச் சுற்றுகிறது. அதனால் வந்த பெயரா?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஊகம் அழகானது, ஆனால் சரியல்ல. இவை வேறு வேறு வழியாக வந்து ஆங்கிலத்தில் ஒரே ஒலியாகிவிட்ட இரண்டு சொற்கள்.

துணி அரபியிலிருந்து வந்தது. அங்கே ‘ஷாஷ்’ என்றால் மெல்லிய மஸ்லின். புண்ணுக்குக் கட்டும் வலைத்துணிக்கு இன்றும் அரபியில் அதுதான் பெயர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது தலைப்பாகைத் துணியைத்தான் குறித்தது. தலையிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் இறங்கியது பிற்பாடு. நம்மிடம் இடத்துக்கு ஒரு சொல் உண்டு: இடுப்பில் கட்டினால் கச்சை, கலெக்டர் ஆபீஸ் டபேதார் தோளில் குறுக்கே போட்டால் டவாலி. எனக்கு மிகவும் பிடித்த சொல் இந்த டவாலி.

ஜன்னல் சேஷ் பிரெஞ்சுக்காரர்களின் ‘ஷாஸி’. சட்டம் என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் அதை வாங்கிய ஆங்கிலேயர், கடைசியில் இருந்த ‘ஸ்’ எழுத்தைப் பன்மை விகுதி என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். மோட்டார் வண்டிக் காலத்தில் அதே சொல் வெட்டுப்படாமல் முழுசாக வந்தது. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பர் அதுதான். நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள்: நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், சக்கரம், எஞ்சின், மேலே ஒன்றுமில்லாமல் நிற்கும் லாரி. உங்கள் ஜன்னலுக்கு உடன்பிறப்பு அந்த லாரிதான், மகள் தோளில் போட்ட பட்டை அல்ல.

இந்த ‘ஷாஸி’க்கு மூலம் லத்தீனின் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. கடையில் கேட்கும் ‘கேஷா, கார்டா’வில் உள்ள கேஷும் அந்தப் பெட்டியிலிருந்து வந்ததே. இங்கேயும் ஒலியை நம்பி ஏமாறலாம். சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் அடித்த செப்பு நாணயத்தில் ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ‘கேஷ்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அந்தக் கேஷ் பெட்டியிலிருந்து வரவில்லை. போர்த்துகீசியர் வாய்வழியாகப் போன நம்முடைய காசு அது.